அனுமார் வாலும் ஆளில்லாத ஸ்லாட்டும்

சர்வர் சங்கதி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பற்றித்தான், அதிலும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் பற்றி, அதாவது நகல் சர்வருக்காக மெயின் சர்வர் பழைய பதிவுகளை எடுத்து வைக்கும் ஏற்பாடு பற்றி. எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சின்ன விஷயம்: கட்டளைகள், செட்டிங்குகளின் பெயர்களை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் 15, டிஸ்க் 400 ஜிபி, டேட்டாபேஸ் மொத்தமே 40 ஜிபிதான். எதிர்சேவை அன்று சாயங்காலம் தல்லாகுளத்தில் கூட்டத்தில் நிற்கும்போது கடையிலிருந்து போன், பில் போட முடியவில்லை என்று. நீந்தி வெளியே வந்து பார்த்தால் டிஸ்க் ஃபுல், சர்வர் நின்றுவிட்டது, லாகில் 'பேனிக்' என்று இருக்கிறது. பிஜி வால் ஃபோல்டர் மட்டும் 310 ஜிபி. அதிலிருந்த பழைய ஃபைல்களை அழிக்கப் போனேன், கூட இருந்த தம்பி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான். ஏன் இவ்வளவு சேர்ந்தது? மாசி முதல் வாரத்தில், ஸ்டாண்ட்பையாக (நகல் சர்வராக) ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி பழைய இரும்புக்காரருக்குப் போட்டோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? (ஆர்க்கைவ் டைம்அவுட் 5 நிமிடம் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால்.)
— ஒரு வாசகர், சிம்மக்கல், மதுரை

பதில்: முதலில் அந்தத் தம்பிக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், பெரிய டம்ளரில். அவன் தடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், பேக்கப்பைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த ஃபோல்டருக்கு 9.6 வரைக்கும் பிஜி எக்ஸ்லாக் என்றுதான் பெயர். 'லாக்' என்று முடிகிறதே, பழைய லாக் ஃபைல்தானே என்று நினைத்து ஆட்கள் அழித்து டேட்டாபேஸையே தொலைத்ததால்தான் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் பிஜி வால் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியும் கை அங்கேதான் போகிறது.

சம்பந்தம் இருக்கிறது. முழுச் சம்பந்தமும் அதுதான்.

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் டேபிளில் எழுதுவதற்கு முன் வாலில் (ரைட் அஹெட் லாக், அதாவது மாற்றங்களின் பதிவேடு) எழுதும், ஒரு ஃபைல் 16 எம்பி. செக்பாயின்ட், அதாவது நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை டேபிள் ஃபைல்களில் சேர்க்கும் வேலை, முடிந்ததும் இனித் தேவையில்லாத பழைய ஃபைல்களை அழித்துவிடும், அல்லது பெயர் மாற்றித் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்டாண்ட்பை ஒன்று அந்த வாலை வாங்கி வாங்கித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அது அரைநாள் படுத்துவிட்டு எழுந்து வந்தால், விட்ட இடத்து ஃபைல் இங்கே அழிந்து போயிருக்கும். இந்தத் தொல்லைக்காகத்தான் 2014 டிசம்பரில் வந்த 9.4-ல் ஸ்லாட் வந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் 'அண்ணே, ஊருக்குப் போறேன், என் பேப்பரையெல்லாம் எடுத்து வைங்க' என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு கடைக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்: ஆள் வந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் கேட்காது, சொன்னால் சொன்னதுதான், கடை முழுக்கப் பேப்பர் அடைத்து ஷட்டரை இறக்க முடியாமல் போகும் வரை எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர் இரும்புக்கடைக்குப் போனது. ஆனால் ஸ்லாட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, உங்கள் மெயின் சர்வரில் இருக்கிறது. அதை யாரும் நீக்கவில்லை.

இனி கணக்கு. சின்னக் கடை, இவ்வளவு வால் எப்படி என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அடைப்புக்குள் போகிற போக்கில் சொன்னீர்களே, ஆர்க்கைவ் டைம்அவுட், அங்கேதான் விடை. 5 நிமிடத்துக்கு ஒரு முறை, உள்ளே பத்து பில்தான் எழுதியிருந்தாலும், அந்த 16 எம்பி ஃபைலை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். ராத்திரியிலும் ஏதாவது எழுத்து நடந்துகொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 288 ஃபைல், அதாவது 4.5 ஜிபி. 310 ஜிபியை அதால் வகுத்தால் 69 நாள் வருகிறது. மாசி முதல் வாரத்திலிருந்து 69 நாள் எண்ணிப் பாருங்கள், சித்திரைத் திருவிழாவில் வந்து நிற்கும். அழகர் மலையிலிருந்து இறங்கி வந்த அதே நேரத்தில் உங்கள் வால் மேலே ஏறி முட்டியிருக்கிறது. வால் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அனுமார் வால் மாதிரி நீள்கிறது என்று சொல்ல நமக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது எழுப்புவது எப்படி. அதே டிஸ்க்கில் வேறு எதையாவது நகர்த்தி இரண்டு மூன்று ஜிபி இடம் செய்யுங்கள்: பழைய டம்ப், மாதக்கணக்கான லாக், யாரோ போட்டுவைத்த ஐஎஸ்ஓ. பிஜி வாலுக்குள் மட்டும் கை வைக்கவே வேண்டாம். இடம் கிடைத்ததும் சர்வரைக் கிளப்புங்கள், ரெகவரி முடியட்டும், உள்ளே போய் பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் என்ற வியூவைப் பாருங்கள். உங்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி இருக்கும்: ஸ்லாட் டைப் 'ஃபிசிக்கல்', ஆக்டிவ் என்ற இடத்தில் 'எஃப்' (ஃபால்ஸ், அதாவது ஆள் இல்லை), வால் ஸ்டேட்டஸ் 'எக்ஸ்டெண்டட்'. ரீஸ்டார்ட் எல்எஸ்என் (எல்எஸ்என் என்றால் வாலில் ஓர் இடத்தின் எண்) என்பதுதான் அந்த ஆள் கடைசியாக வாங்கிப்போன இடம். பிஜி கரன்ட் வால் எல்எஸ்என் கொடுக்கும் இப்போதைய இடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை பிஜி வால் எல்எஸ்என் டிஃப் மூலம் எடுத்து, அதை பிஜி சைஸ் பிரெட்டிக்குள் போட்டால் 'இந்த ஆளுக்காக இத்தனை ஜிபி' என்று படிக்கிற மாதிரி வரும். உங்களுக்கு முந்நூற்றுச் சொச்சம் காட்டும். அப்புறம் பிஜி டிராப் ரெப்ளிகேஷன் ஸ்லாட், பெயரைக் கொடுத்து. பயப்பட வேண்டாம், யாராவது அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் நீக்க விடாது, எரர்தான் வரும். நீக்கியதும் ஒரு செக்பாயின்ட் அடியுங்கள், இடம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்க நன்றாகவே இருக்கும்.

இந்த முறை நகர்த்த ஏதோ இருந்தது, அடுத்த முறை இருக்குமா தெரியாது. வால் இருக்கும் அதே டிஸ்க்கில் 4 ஜிபிக்கு ஒரு வெற்று ஃபைல் உண்டியல் மாதிரி போட்டு வையுங்கள், அவசரத்துக்கு உடைத்துக்கொள்ளலாம். வால் தனி டிஸ்க்கில் இருந்தால் உண்டியலும் அங்கேதான் இருக்க வேண்டும், வேறு டிஸ்க்கில் வைத்துப் பிரயோஜனம் இல்லை.

இதைச் செய்தால் இன்றைய கடை ஓடும். ஆனால் உங்களிடம் இல்லாதது ஒரு செட்டிங்: மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ். 13-ஆம் பதிப்பிலேயே, அதாவது 2020-லேயே வந்துவிட்டது. ஆனால் போஸ்ட்கிரெஸ் அதை மைனஸ் 1 என்று வைத்துத்தான் தருகிறது. மைனஸ் 1 என்றால் வரம்பே இல்லை, டிஸ்க் தீரும் வரை என்று அர்த்தம். என்னைக் கேட்டால் இந்த ஒரு செட்டிங்கை மாற்றாமல் ஸ்லாட் உருவாக்குகிறவர்களை பில் கவுண்டரில் உட்கார வைத்து ஒரு தீபாவளி வியாபாரம் பார்க்கச் சொல்வேன். உங்கள் 400-க்கு 150 ஜிபி வையுங்கள். நாளைக்கு 4.5 ஜிபி என்றால் 33 நாள் தாங்கும். எண்ணோடு 'ஜிபி' என்று சேர்த்தே எழுதுங்கள், வெறும் எண் போட்டால் எம்பி என்று எடுத்துக்கொள்ளும். ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். வரம்பைத் தாண்டிவிட்டதா என்று செக்பாயின்ட்டின்போதுதான் பார்க்கிறது, அதனால் கொஞ்சம் மேலே போய்த்தான் வெட்டும். டிஸ்க்கின் விளிம்பு வரை வரம்பு வைக்காதீர்கள்.

வரம்பு வைத்த பிறகு வால் ஸ்டேட்டஸைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 'ரிசர்வ்ட்' என்றால் நிம்மதி. 'எக்ஸ்டெண்டட்' என்றால் வழக்கமான அளவைத் தாண்டி எடுத்து வைக்கிறது, ஏன் என்று பாருங்கள். 'அன்ரிசர்வ்ட்' என்றால் அடுத்த செக்பாயின்ட்டில் போய்விடலாம், ஓடிப்போய் ஸ்டாண்ட்பையை எழுப்புங்கள், இன்னும் பிழைக்க வாய்ப்பு உண்டு. 'லாஸ்ட்' என்றால் முடிந்தது. பக்கத்தில் சேஃப் வால் சைஸ் என்று ஓர் எண் இருக்கும், இன்னும் எத்தனை பைட் வரை இந்த ஸ்லாட் பத்திரம் என்று அது சொல்லும். வரம்பு மைனஸ் 1 ஆக இருக்கும்வரை அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்.

கடைசியாக, ஆள் எப்போதிலிருந்து வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது. 17-லிருந்து அதே வியூவில் இன்ஆக்டிவ் சின்ஸ் என்று நேரத்தோடு காட்டுகிறது. உங்கள் 15-ல் 'இப்போது இருக்கிறார், இல்லை' மட்டும்தான், எத்தனை நாளாக என்பது தெரியாது. நீங்களே நோட்டுப் போட வேண்டியதுதான்: ஸ்லாட் பெயர், ரீஸ்டார்ட் எல்எஸ்என், கடைசியாக அசைந்த நேரம், இந்த மூன்றும் உள்ள ஒரு குட்டி டேபிள், 10 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடும் ஒரு கிரான் வேலை. ஆக்டிவாக இருந்தாலோ, எல்எஸ்என் போன தடவையைவிட நகர்ந்திருந்தாலோ நேரத்தைப் புதுப்பிக்கட்டும். எல்எஸ்என்னையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ராத்திரி இரண்டு நிமிடம் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள் உண்டு, உங்கள் கிரான் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு நாளாக அசையாத ஸ்லாட் இருந்தால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். கடைக்காரர் போனுக்கு அனுப்பாதீர்கள், அவர் 'எல்லாம் ஓடுதில்ல?' என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவார்.

கேள்வி: சார், போஸ்ட்கிரெஸ் 18-ல் ஐடில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் டைம்அவுட் என்று வந்திருக்கிறதே, சும்மா கிடக்கும் ஸ்லாட்டைத் தானாகவே செல்லாமல் ஆக்கிவிடுமாம். சோதனை சர்வரில் 10 நிமிடம் என்று வைத்தேன். 25 நிமிடம் ஆகியும் ஸ்லாட் அப்படியே இருக்கிறது. இன்னொரு தடவை 10 நிமிடம் ஆகும் முன்பே சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், நேரத்தை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. இது வேலை செய்கிறதா இல்லையா? நிஜ சர்வரில் எவ்வளவு வைக்கலாம்? எங்கள் ஸ்டாண்ட்பை தேனி கிளையில் இருக்கிறது.
— ஒரு வாசகி, திருநகர்

பதில்: வேலை செய்கிறது. நீங்கள் அதைக் கடிகாரம் வைத்த அலாரம் மாதிரி எதிர்பார்க்கிறீர்கள். அது மாதம் ஒரு முறை வரும் கணக்கெடுப்பு மாதிரி. நேரம் தாண்டிவிட்டதா என்று செக்பாயின்ட் ஓடும்போதுதான் பார்க்கும். செக்பாயின்ட் டைம்அவுட் மாற்றாமல் இருந்தால் 5 நிமிடம், அதனால் 10 என்று வைத்தது 15 வரை இழுப்பது சாதாரணம். 25 ஆனதற்கு உங்கள் சோதனை சர்வரில் யாரும் எதையும் எழுதாததுதான் காரணமாக இருக்கும், எழுத்தே நடக்காத சர்வரில் நேரத்துக்கு வரும் செக்பாயின்ட் 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று திரும்பிப் போய்விடும். கையால் ஒரு செக்பாயின்ட் அடித்துப் பாருங்கள், உடனே இன்வாலிடேஷன் ரீசன் என்ற இடத்தில் 'ஐடில் டைம்அவுட்' என்று வந்து நிற்கும்.

ரீஸ்டார்ட்டில் நேரம் திரும்ப ஆரம்பிப்பதும் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சர்வர் எழுந்து ஸ்லாட்டை டிஸ்க்கிலிருந்து படிக்கும் அந்த நொடியைத்தான் இன்ஆக்டிவ் சின்ஸ் என்று போடும். சர்வரே ஒரு வாரம் படுத்திருந்தால் அந்தப் பழியை ஸ்டாண்ட்பை தலையில் போட முடியாதே, அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரில் பல ஆபீஸ்களில் உண்டு. அங்கே 7 நாள் என்று வைத்தால் எந்த ஸ்லாட்டும் ஜென்மத்துக்கும் 7 நாளை எட்டாது.

எவ்வளவு வைப்பது என்பதுதான் உங்கள் கேள்வியில் சத்தான பகுதி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது ஸ்லாட்டை நீக்குவதில்லை, செல்லாமல் ஆக்குகிறது. செல்லாமல் போனதைத் திரும்பச் செல்லுபடி ஆக்க வழி கிடையாது. ஸ்டாண்ட்பையைப் புதிதாக, பிஜி பேஸ்பேக்கப் மூலம் முழு நகல் எடுத்துக் கட்ட வேண்டும் (வால் ஆர்க்கைவ் தனியாக வைத்திருந்து, ஸ்டாண்ட்பை அதிலிருந்து படிக்கும்படி ரெஸ்டோர் கமாண்ட் அமைத்திருந்தால் தப்பிக்கலாம், ஸ்லாட்டை மட்டும் நீக்கி அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் போதும்). அதனால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நியாயமான காரணத்துக்காக அதிகபட்சம் எத்தனை நாள் அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் இருக்கும்? மறுபடி கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் தேனி கிளைக்கு வருவோம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம், ஒரு பகல். அது ஒன்றுமே இல்லை. பொங்கலுக்குக் கிளையைப் பூட்டினால் நான்கு நாள். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது ரோட்டைத் தோண்டி கேபிளை வெட்டிவிட்டார்கள் என்றால், விடுமுறையும் சேர்ந்துகொண்டால், ஐந்தாறு நாள். 7 நாள் வையுங்கள். எண்ணைத் தனியாக விடாமல் '7டி' என்று அலகோடு எழுதிவிடுங்கள். 40 ஜிபி டேட்டாபேஸ் என்றால் 50 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் 2 மணி நேரத்துக்குள் புதிதாகக் கட்டிவிடலாம். அந்த மாதிரி இடத்தில் தாராளமாகக் கறாராக இருக்கலாம், 3 நாள் கூட வைக்கலாம். அதே லைனில் 2 டிபி என்றால் 90 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட நான்கு நாள். அங்கே அவசரப்பட்டு ஒரு நாள் என்று வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வந்து தலையில் கை வைக்கக் கூடாது.

இன்னும் சில. செல்லாமல் போன ஸ்லாட் பட்டியலில் அப்படியே கிடக்கும், மேக்ஸ் ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் கணக்கிலும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், நீங்களாகத்தான் நீக்க வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டவர் வரவில்லை, சீட் இனி அவருக்கில்லை என்று கண்டக்டர் சொல்லிவிட்டார், ஆனால் துண்டு அங்கேயேதான் கிடக்கிறது. ஸ்டாண்ட்பையில் பிரைமரியிலிருந்து (மெயின் சர்வரிலிருந்து) ஒத்திசைந்து வந்த ஸ்லாட்டுகளுக்கு, அதாவது 'சிங்க்ட்' என்று காட்டுபவற்றுக்கு, இந்த டைம்அவுட் பொருந்தாது. அவை எப்போதும் சும்மா இருப்பவை போலத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உருவாக்கி, ஒரு தடவைகூட வாலை ஒதுக்கிக்கொள்ளாத ஸ்லாட்டுக்கும் பொருந்தாது, அதனால் கெடுதலும் இல்லை.

கேள்வி: நாங்கள் 18-தான். டைம்அவுட் ஒரு நாள். அப்படியும் வால் 80 ஜிபி ஏறிவிட்டது. இன்ஆக்டிவ் சின்ஸ் பார்த்தால் எப்போதும் 'சில நொடிகளுக்கு முன்' என்றே காட்டுகிறது, சில சமயம் ஆக்டிவ் என்றே காட்டுகிறது. லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (டேபிள் டேபிளாக மாற்றங்களை அனுப்புவது), ரிப்போர்ட் எடுக்க இன்னொரு சர்வரில் அதை வாங்கிக்கொள்ளும் சப்ஸ்கிரிப்ஷன். என்ன தப்பு?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: அந்த இன்னொரு சர்வரின் லாகைத் திறங்கள். 'டூப்ளிகேட் கீ' என்று ஒரே வரி 5 நொடிக்கு ஒரு முறை வரிசையாக நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். யாரோ ரிப்போர்ட் சர்வரில் நேரடியாக ஒரு வரி சேர்த்திருப்பார்கள். மெயினிலிருந்து அதே எண்ணில் வரி வருகிறது, மோதுகிறது, வந்ததை எழுதும் அப்ளை வொர்க்கர் செத்துவிடுகிறது, சில நொடியில் எழுகிறது, ஸ்லாட்டைப் பிடிக்கிறது, அதே வரியில் மறுபடி மோதுகிறது. ஒவ்வொரு தடவை பிடித்து விடும்போதும் இன்ஆக்டிவ் சின்ஸ் புதிதாகிவிடும். காலையில் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிற ஊழியரைப் பார்த்திருப்பீர்களே, பதிவேட்டின்படி அவர் ஒரு நாளும் லீவு இல்லை. ஃபைல் மட்டும் மேஜையில் மலையாகிறது.

டைம்அவுட் வருகையைத்தான் பார்க்கிறது, வேலையைப் பார்ப்பதில்லை. இதனால்தான் சிம்மக்கல் வாசகருக்கு அளவு வரம்பை முதலில் வைக்கச் சொன்னேன், 18-க்கு மாறிய பிறகும் அதை எடுக்க மாட்டேன். டிஸ்க்கைக் காப்பாற்றுவது அளவு வரம்புதான். நேர வரம்பு மறந்துபோன ஸ்லாட்டைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும், அவ்வளவே. எதிர்மாறாக நினைத்துக்கொண்டு, 'அதுதான் டைம்அவுட் வைத்துவிட்டோமே' என்று அளவு வரம்பை மைனஸ் 1-லேயே விட்டவர்களிடமிருந்துதான் எனக்கு ராத்திரியில் போன் வருகிறது.

உங்களுக்கு உடனடியாக: ரிப்போர்ட் சர்வரில் முட்டுகிற அந்த வரியைப் பார்த்து, தேவையில்லையென்றால் நீக்குங்கள், ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்த சப்ஸ்கிரிப்ஷனுக்கு டிசேபிள் ஆன் எரர் என்பதை ஆன் செய்யுங்கள், 15-லிருந்து இருக்கிறது. மோதினால் முட்டிக்கொண்டே இருக்காமல் சப்ஸ்கிரிப்ஷன் நின்றுவிடும், ஸ்லாட்டும் நிஜமாகவே சும்மா கிடக்கும், உங்கள் ஒரு நாள் டைம்அவுட் அப்போதுதான் எண்ணத் தொடங்கும். நின்றதும் உங்களுக்குச் செய்தி வர ஏற்பாடு செய்யாமல் இதை மட்டும் ஆன் செய்தால், மறுநாள் ஸ்லாட் செல்லாமல் போய் எல்லா டேபிளையும் முதலிலிருந்து காப்பி செய்ய வேண்டி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டேட்டாபேஸ் மாற்றங்களை வாங்கி மற்ற இடங்களுக்கு அனுப்பும் டெபீசியம் போட்டிருக்கிறோம். ஸ்லாட் ஆக்டிவ், எரர் எதுவும் இல்லை, ஆனாலும் வால் குறையவில்லை. ஏன்?
— ஒரு வாசகர், கே.கே.நகர், மதுரை

பதில்: ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ் இருக்கிறதா? ஒன்று பரபரப்பாக ஓடுவது, டெபீசியம் பார்ப்பது இன்னொன்று, அதில் நாள் முழுக்க ஒரு மாற்றமும் இல்லை, சரியா? வால் சர்வர் முழுமைக்கும் பொது. பரபரப்பான டேட்டாபேஸ் எழுதுவதும் அதே வாலில்தான் போகிறது, உங்கள் டெபீசியமோ தன் டேட்டாபேஸில் எதுவும் வராததால் 'இதுவரை வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறது. ஹார்ட்பீட் என்று ஒரு வசதி அதில் இருக்கிறது, நேரத்துக்கு ஒரு முறை ஒரு குட்டி டேபிளில் ஒரு வரி எழுதும்படி ஹார்ட்பீட் ஆக்ஷன் குவெரி கொடுத்துவிடுங்கள், ரீஸ்டார்ட் எல்எஸ்என் நகர ஆரம்பிக்கும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் ஸ்லாட்டே இல்லாமல் ஸ்டாண்ட்பை வைக்க முடியாதா?
— ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: முடியும், 9.4-க்கு முன் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வால் கீப் சைஸ் என்று இத்தனை ஜிபி பழைய வாலை எப்போதும் வைத்திரு என்று சொல்லிவிடலாம், கூடவே ஆர்க்கைவ் இருந்தால் இன்னும் பத்திரம். சின்ன இடத்துக்கு இது மோசமில்லை, எனக்கே இரண்டு இடத்தில் இப்படித்தான் ஓடுகிறது. லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மட்டும் ஸ்லாட் இல்லாமல் நடக்காது.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்லாட்டுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா அண்ணா?
— ஒரு மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: வைக்க முடியாதும்மா. ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, இவை மட்டும்தான் ஏற்கும், 63 எழுத்துக்குள். ஆனால் பெயரைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. முன்பு நான் இருந்த ஓர் ஆபீஸில் ஐந்து ஸ்லாட் இருந்தது. பெயர்களைக் கேளுங்கள்: டெஸ்ட், டெஸ்ட்2, நியூ, ஃபைனல், ஃபைனல்நியூ. மூன்று சும்மா கிடந்தன. அதில் ஒன்று, வேலையை விட்டுப் போன ஒரு தம்பி தன் லேப்டாப்பில் வாலை வாங்கிச் சேமிக்கும் பிஜி ரிசீவ்வால் ஓட்டிப் பார்க்க உருவாக்கியது என்று பிறகுதான் தெரிந்தது. எது யாருடையது என்று தெரியாததால் நான்கு மாதம் ஒருவரும் தொடவில்லை. 'நீங்க சீனியர், நீங்களே பண்ணுங்க' என்று என்னிடம் வந்து நின்றது. யாருக்கு, எதற்கு, எந்த மாதம் என்று பெயரிலேயே வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. தேனி ஸ்டாண்ட்பை 2026 சித்திரை என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதினால் எந்தக் காலத்திலும் யாருக்கும் புரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூன்றையும் நீக்கிவிட்டு, சாயங்காலம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேனா என்று வீட்டிலிருந்து.